யார் செலவில் எழுந்த சுவர் இது? இங்கிலாந்தின் இடைக்காலப் பங்குக் கோயிலைப் படிக்கும் விதம்

இங்கிலாந்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு பழைய சர்ச் நிற்கிறது. வாசல் பலகையில் ‘12ஆம் நூற்றாண்டு’ என்று இருக்கிறது. உள்ளே போனால் ஒரு சன்னல் வட்ட வளைவு, அடுத்தது கூர் வளைவு. இந்தப் பக்கத் தூண் தடியாக, எதிர்ப்பக்கத் தூண் ஒல்லியாக. இதில் எதுதான் 12ஆம் நூற்றாண்டு, எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி.

முதலில் பலகையை மறந்துவிடுங்கள். அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் கட்டடத்தின் வயது அல்ல, அதில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய துண்டின் வயது. அந்தத் துண்டு ஒரு கதவு நிலையாக இருக்கலாம், வெறும் ஞானஸ்நானத் தொட்டியாகவும் இருக்கலாம். இன்றும் நிற்கும் இடைக்காலப் பங்குக் கோயில்கள், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சர்ச்சுகள், அந்நாட்டில் 8,000க்கு மேல். ஒரே மூச்சில் கட்டி முடித்து அப்படியே விடப்பட்டவை அவற்றில் மிகக் குறைவு. மற்றவை எல்லாம் தாத்தா கட்டிய வீட்டில் அப்பா மாடி எடுத்து, பிள்ளை முன்பக்கத்தை இடித்துக் கட்டிய கதைதான். அதனால் ‘இது எப்போது கட்டியது?’ என்று கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ‘இந்தப் பகுதிக்கு யார் காசு கொடுத்தார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், கட்டடம் பேச ஆரம்பிக்கும்.

அதற்கு ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். கோயில் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். கிழக்குக் கோடியில் பீடம் இருக்கும் பகுதிக்குச் சான்சல் என்று பெயர். அதற்கு மேற்கே மக்கள் கூடும் நீண்ட கூடம் நேவ். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டடம். ஆனால் 13ஆம் நூற்றாண்டுக்குள் இங்கிலாந்துத் திருச்சபையில் ஒரு வழக்கம் கெட்டிப்பட்டுவிட்டது. சான்சலைப் பராமரிப்பது ரெக்டரின் கடமை. நேவையும் கோபுரத்தையும் பராமரிப்பது பங்கு மக்களின் கடமை. ரெக்டர் என்பவர் ஊரின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, அதாவது தசமபாகத்தை, வாங்கும் உரிமை உள்ளவர். அவர் அந்த ஊர்க் குருவாகவே இருக்கலாம். பல ஊர்களில் அந்த உரிமை தொலைவில் உள்ள ஒரு மடத்தின் கையில் இருந்தது. தானியமும் வைக்கோலும் மடத்துக்குப் போகும். சில்லறைத் தசமபாகத்தை வைத்துக்கொண்டு பூசை நடத்த மடம் ஒரு பதிலாளை அமர்த்தும். அவருக்கு விக்கர் என்று பெயர்; அந்தச் சொல்லுக்கே ‘பதிலாள்’ என்றுதான் பொருள்.

இது வெறும் பழங்கதை இல்லை. வார்விக்‌ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊர்க் கோயிலின் சான்சல் பழுதானபோது, தசமபாகத்துக்குப் பதிலாக 18ஆம் நூற்றாண்டில் ஒதுக்கப்பட்ட ஒரு நிலத்தின் அப்போதைய உரிமையாளர்களான தம்பதியிடம் செலவைக் கேட்டார்கள். வழக்கு 2003இல், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பானது. கடைசியில் வந்த தொகை சுமார் 1,87,000 பவுண்டு. வயல் வாங்கினவன் தலையில் 700 வருஷத்துக் கூரைச் செலவு! அதன்பிறகு இங்கிலாந்தில் வீடு வாங்குகிறவர்களின் வக்கீல்கள் இதையும் ஒரு வரி சரிபார்க்கத் தொடங்கினார்கள்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கோயிலுக்குள் போனாலும் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். நேவ் அரண்மனை மாதிரி உயர்ந்து, சான்சல் தாழ்ந்து சிறுத்து இருந்தால், ஊரில் காசு புழங்கியது, ரெக்டரான மடம் கை இறுக்கியது என்று ஊகிக்கலாம். மாறாகவும் உண்டு. லிங்கன்‌ஷயரில் ஹெக்கிங்டன் என்ற ஊரில் சான்சல்தான் நகை. இரண்டாம் எட்வர்டு மன்னரிடம் குருவாக இருந்த ரிச்சர்டு டி பாட்ஸ்கிரேவ் அங்கே ரெக்டர். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுப்பிய சான்சலில், ஈஸ்டருக்கு முன் நற்கருணை அப்பத்தை வைத்துக் காவல் இருக்கும் ‘கல்லறை மாடம்’ ஒன்று உண்டு. உயிர்த்தெழும் கிறிஸ்துவுக்குக் கீழே தூங்கி வழியும் காவல் வீரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கட்டியவர் அதே சான்சலில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். ரெக்டர் காசுக்காரராகவும் ரசிகராகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

சரி, வயது பார்ப்பதற்கு வருவோம். எல்லோரும் சன்னலைப் பார்த்துத் தொடங்குவார்கள். நான் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கட்டடத்தில் மாற்றுவதற்கு மிகச் சுலபமான உறுப்பு சன்னல். 12ஆம் நூற்றாண்டுச் சுவரில் 15ஆம் நூற்றாண்டுச் சன்னலைப் பொருத்துவது ஒரு கோடை கால வேலை. நான் உள்ளே போனதும் மேற்கே திரும்பி, கோபுரத்தின் சுவரைத்தான் அண்ணாந்து பார்ப்பேன். நேவின் கூரை முட்டும் இடத்தில், இப்போதைய கூரைக்குக் கீழேயோ மேலேயோ, தலைகீழ் ‘வி’ போல ஒரு தழும்பு தெரிந்தால் அதுதான் பழைய கூரை நின்ற கோடு. செங்குத்தான கோடாக இருந்தால் அந்தக் காலத்தில் ஓலையோ பலகை ஓடோ வேய்ந்திருக்கலாம். இப்போதைய கூரை ஏறக்குறையத் தட்டையாக இருந்தால் பின்னால் ஈயத் தகடு போர்த்தியிருக்கிறார்கள்; செங்குத்துச் சரிவில் ஈயம் தன் எடையாலேயே கீழே வழுகும். அந்த ஒரு தழும்பிலிருந்தே நேவின் சுவர்களைப் பின்னால் உயர்த்தியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். உயர்த்திய பகுதியில் ஒரு சன்னல் வரிசை இருக்கும். அதற்குக் கிளியர்ஸ்டோரி என்று பெயர். நேவின் நடுவுக்கு மேலிருந்து வெளிச்சம் கொண்டுவருகிற ஏற்பாடு.

அடுத்துப் பக்கக் கூடங்கள். ஊரில் ஆள் பெருகினால் நேவை அகலப்படுத்த வேண்டும். ஆனால் நேவை மூடிவைக்கவும் முடியாது. ஞாயிறு தவறாமல் பூசை நடக்க வேண்டும். அதனால் பழைய சுவரை இடிக்காமல் அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்து, தூணும் வளைவும் செருகி, வெளியே ஒரு சாய்ப்பு இறக்குவார்கள். இதில் தலைகீழான ஒரு விளைவு உண்டு. கீழே நிற்கும் தூண்கள் புதியவை, அவற்றின் மேல் நிற்கும் சுவர் பழையது! வளைவுகளுக்கு மேலே உற்றுப் பார்த்தால், பாதி வெட்டுப்பட்ட பழைய சின்னச் சன்னல் ஒன்று அடைத்துப் பூசியபடி கிடைக்கும். அது கிடைத்த நாளில் எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

பெரும்பாலும் வடக்குப் பக்கக் கூடம்தான் முதலில் வரும். தெற்கே வெயில் படும் பக்கத்தில் மக்கள் கல்லறைகளை விரும்பினார்கள். வடக்கே மண் காலியாக இருந்தது. இரண்டு பக்கத் தூண் வரிசைகளும் வேறு வேறு மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். இடையில் ஒரு தலைமுறையோ இரண்டோ ஓடியிருக்கும். தெற்குச் சுவரைத் தள்ளிக் கட்டும்போது பழைய வாசலை மட்டும் கல் கல்லாகப் பிரித்து, புதுச் சுவரில் மறுபடி கோத்துவிடுவார்கள். அப்படித்தான் 14ஆம் நூற்றாண்டுச் சுவரில் 12ஆம் நூற்றாண்டு வாசல் உட்கார்ந்திருக்கும், பலகை எழுதுகிறவரும் அதைப் பிடித்துக்கொள்வார்.

கோயில்கள் வளர்ந்துகொண்டே மட்டும் போகவில்லை. யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில் வார்ரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமம் இருக்கிறது. அங்குள்ள புனித மார்ட்டின் கோயிலை 1960களிலும் 70களிலும் தொல்லியலாளர்கள் முழுதாகத் தோண்டிப் பார்த்தார்கள். முதலில் சிறிய மரக் கோயில், பிறகு சின்னக் கல் கோயில், பிறகு பக்கக் கூடங்கள். அதன்பின் கொள்ளை நோயும் ஆட்டு மேய்ச்சலும் ஊரைக் காலி செய்யச் செய்ய, பக்கக் கூடங்களை இடித்து, தூண்களுக்கு நடுவே சுவர் வைத்து அடைத்து, கோயில் மறுபடி சிறுத்தது. கூரையில்லாத அந்தச் சுவரில் அடைபட்ட வளைவுகளை இன்றும் பார்க்கலாம். ஊரின் ஜனத்தொகை ஏறி இறங்கியதைக் கல்லிலேயே வரைந்த மாதிரி இருக்கும்.

இப்போது பாணிகள். இடைக்கால இங்கிலாந்துக் கட்டடக் கலையை நார்மன், ஆரம்ப இங்கிலீஷ், அலங்காரப் பாணி, செங்குத்துப் பாணி என்று இன்று எல்லோரும் பிரிக்கிறோம். இந்தப் பெயர்களை நிலைநிறுத்தியவர் தாமஸ் ரிக்மன். 1817இல் வெளியான அவர் நூலிலிருந்து வந்த பழக்கம் இது. லிவர்பூலில் கணக்கராக வேலை பார்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கோயில்களை அளந்தவர். வேடிக்கை என்னவென்றால் அவர் குவேக்கர்; கோபுரமும் பீடமும் குருவும் வேண்டாம் என்று சொல்கிற சபையில் பிறந்தவர்.

வட்ட வளைவு, தடித் தூண், வளைவின் மேல் ‘வி வி வி’ என்று ஓடும் பல் வரிசை: இது நார்மன், நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066 முதல் ஏறக்குறைய 1190 வரை. ஹெரஃபோர்டுஷயரில் கில்பெக் கோயில் இதற்கு உச்சம். 1140 வாக்கில் சிவப்பு மணற்கல்லில் செதுக்கியது. கூரை விளிம்பின் கீழே நாய், முயல், பிடில் வாசிப்பவன், பிறப்புறுப்பை விரித்துக் காட்டும் பெண் உருவம் என்று எண்பதுக்கு மேல் தலைகள் வரிசையாக எட்டிப் பார்க்கும். பக்தியுள்ள பிற்காலத்தவர் அவற்றில் சிலவற்றை உடைத்திருக்கலாம் என்கிறார்கள், மிஞ்சியதே ஆச்சரியம்தான். பிறகு ஒல்லியாக ஈட்டி முனை போன்ற கூர் சன்னல்கள், 13ஆம் நூற்றாண்டு. அதன்பின் 1275 வாக்கிலிருந்து சன்னல் தலையில் கல்லைக் கொடி போல வளைத்துப் பின்னத் தொடங்குகிறார்கள்; ‘எஸ்’ போல நெளியும் வளைவு தெரிந்தால் அலங்காரப் பாணி. கடைசியில், சன்னலின் கல் சட்டங்கள் நெளியாமல் நேரே மேல் விளிம்பில் போய் முட்டினால் செங்குத்துப் பாணி. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அதுதான்.

1348, 49இல் வந்த கறுப்புச் சாவு என்ற கொள்ளை நோய் கைதேர்ந்த கல்தச்சர்களைக் கொன்றுவிட்டது, அதனால்தான் எளிமையான செங்குத்துப் பாணி வந்தது என்று பல கையேடுகளில் படிப்பீர்கள். கிளஸ்டர் மடாலயக் கோயிலில் அந்தப் பாணி 1330களிலேயே தொடங்கிவிட்டது. நோய் பாணியைப் பெறவில்லை. பரவின விதத்தை வேண்டுமானால் மாற்றியிருக்கலாம்.

நார்மன்களுக்கு முந்திய சாக்சன் வேலை தனி இனம். டர்ஹம் பகுதியில் எஸ்கம் கோயில் 7ஆம் நூற்றாண்டு. ரோமானியக் கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்த கற்களால் கட்டியது. உயரமான ஒடுங்கிய சுவர், கைக்குட்டை அளவுச் சன்னல். நார்த்தாம்ப்டன்‌ஷயரில் எர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்தைப் பார்த்தால் மரச் சட்டத்தில் கட்டப் பழகிய கை கல்லிலும் அதே கோடுகளை இழுத்தது போல இருக்கும். மூலைக் கற்களைக் கவனியுங்கள். ஒன்று நெடுக்கில், அடுத்தது படுக்கையில், மறுபடி நெடுக்கில் என்று மாறி மாறி வந்தால் நீங்கள் 1066க்கு முந்திய மூலையில் நிற்கிறீர்கள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

மூலை என்றதும் கல்லைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காட்ஸ்வோல்டு பக்கம் வெட்டினால் தேன் நிறச் சுண்ணாம்புக் கல் வரும், கோயிலும் அதே நிறம். கிழக்கே நார்ஃபோக், சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடையாது. கிடைப்பது ஃப்ளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கல், உருளைக்கிழங்கு மாதிரி உருண்டையாக வயலிலிருந்து பொறுக்குவது. அதை வைத்துச் சுவர் எழுப்பலாம், ஆனால் சதுர மூலை பிடிக்காது. இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் சுமார் 180 வட்டக் கோபுரக் கோயில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு மாவட்டங்களில் இருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். இன்னும் சிலர் அது அந்தக் கரையோரத்து ரசனை, கடலுக்கு அக்கரை ஜெர்மனியிலும் வட்டக் கோபுரம் உண்டு என்பார்கள். மூலைக் கல்லுக்காக மட்டும் ஒரு பகுதி முழுக்க வட்டம் கட்டியது என்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அதே ஊர்களில் நேவுக்கு நான்கு மூலை வைத்திருக்கிறார்களே. 15ஆம் நூற்றாண்டில் அதே ஏழைக் கல்லை இரண்டாக உடைத்து, கறுத்துப் பளபளக்கும் உட்பக்கத்தை வெளியே காட்டி, வெளிர் கல் சட்டங்களுக்கு நடுவே பதித்து எழுத்தும் கோலமும் போட்டார்கள். வெயில் சாயும் நேரத்தில் அதைப் பார்க்க வேண்டும்.

ஒரு கோபுரம் எப்படிக் கட்டப்பட்டது என்பதற்குச் சஃபோக் கடற்கரையில் வால்பர்ஸ்விக் ஊரின் 1426ஆம் ஆண்டு ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. டன்விச் ஊர் ரிச்சர்டு ரஸ்ஸல், பிளைத்பர்க் ஊர் ஆடம் பௌல் என்ற இரண்டு கொத்தனார்களுடன் ஊர் மக்கள் செய்துகொண்டது. வரைபடம் எதுவும் இல்லை. சுவர் டன்ஸ்டால் ஊர்க் கோபுரம் மாதிரி வேண்டும், மேற்கு வாசலும் சன்னலும் ஹேல்ஸ்வொர்த் கோபுரம் மாதிரி வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து ஊரைக் காட்டி ‘அதே மாதிரி’ என்று சொல்லும் வழக்கம் எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது. கூலி, உயரத்தில் ஒவ்வொரு கெஜத்துக்கும் 40 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு பீப்பாய் ஹெர்ரிங் மீன். ஆளுக்கு ஓர் அங்கி. மார்ச் கடைசியில் வரும் மங்கள வார்த்தைத் திருநாள் முதல் செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் வரைதான் வேலை. சுண்ணாம்புச் சாந்து மெள்ள இறுகும். ஈரத்தோடு உறைபனி பிடித்தால் சுவர் உதிரும். அதனால் ஆண்டுக்குக் கொஞ்சம் உயர்த்தி, குளிர்காலத்தில் தலையை மூடிவைத்து, எடை இறங்கி உட்கார விடுவார்கள். ஃப்ளின்ட் கோபுரங்களில் சில இடங்களில் படுக்கைவாட்டில் மங்கலான கோடுகள் தெரியும். ஒரு பருவத்து வேலை நின்று அடுத்த பருவம் தொடங்கிய இடங்கள் அவை.

கவனியுங்கள், ஒப்பந்தம் போட்டவர்கள் ஊர்க்காரர்கள். ஆயரும் இல்லை, மன்னரும் இல்லை. லிங்கன்‌ஷயர் லௌத் ஊரில் 1501 முதல் 1515 வரை கட்டிய ஊசிக் கோபுரம் ஏறக்குறைய 290 அடி. செலவு 305 பவுண்டு என்று ஊரின் கணக்குப் புத்தகமே சொல்கிறது. உச்சியில் ஏற்றிய, காற்றுத் திசை காட்டும் சேவல், 1513 ஃப்ளாடன் போரில் ஸ்காட்லாந்து அரசரிடமிருந்து கைப்பற்றிய செம்பில் அடித்தது.

இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது? ஆட்டின் முதுகிலிருந்து. 15ஆம் நூற்றாண்டில் கம்பளியும் கம்பளித் துணியும் கொண்டுவந்த செல்வம்தான் சஃபோக்கிலும் காட்ஸ்வோல்டிலும் கோயிலாக நிற்கிறது. காட்ஸ்வோல்டின் நார்த்லீச்சில் நேவை எழுப்பித் தந்த ஜான் ஃபார்ட்டி 1458இல் இறந்தார். அவர் கல்லறையின் பித்தளைத் தகட்டில் ஒரு காலை ஆட்டின் மேலும் மற்றதைக் கம்பளி மூட்டையின் மேலும் வைத்து நிற்கிறார். ஒளிவுமறைவே கிடையாது. சஃபோக்கின் லாவென்ஹம் கோபுரம் 141 அடி. துணி வியாபாரி தாமஸ் ஸ்பிரிங் 1523இல் இறக்கும்போது அதை முடிக்க 200 பவுண்டு எழுதிவைத்தார். கோபுர அடியில் ஆக்ஸ்ஃபோர்டு பிரபு குடும்பத்தின் நட்சத்திரம், அதோடு வியாபாரியின் மூட்டை முத்திரை. உச்சியில் ஸ்பிரிங் குடும்பம் புதிதாகப் பெற்ற மரபுச் சின்னம் திரும்பத் திரும்ப. கீழிருந்து மேலே படித்தால் ஒரு குடும்பம் அந்தஸ்தில் ஏறியது தெரியும்.

பெருமை மட்டும் காரணமில்லை, பயமும் இருந்தது. இறந்தவர் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகும், உயிரோடிருப்பவர்களின் ஜெபமும் பூசையும் அந்த நாட்களைக் குறைக்கும் என்பது நம்பிக்கை. சஃபோக்கின் லாங் மெல்ஃபர்டு கோயிலின் வெளிச் சுவரில் சன்னல்களை ஒட்டி ஃப்ளின்டில் பதித்த எழுத்துகள் நீளமாக ஓடுகின்றன. ‘இன்னாருடைய ஆன்மாவுக்காக ஜெபியுங்கள், அவர் பொருளால் இது கட்டப்பட்டது’ என்ற வகை வாசகங்கள். தெருவில் போகிறவனிடம் காலத்துக்கும் ஒரு ஜெபம் கேட்டு வாங்குகிற ஏற்பாடு. பக்கக் கூடங்களின் கிழக்குக் கோடியில் இப்படிக் குடும்பங்களும் தொழில் சங்கங்களும் நிறுவிய சின்னப் பீடங்கள் இருந்தன. 1547இல், புராட்டஸ்டண்ட் வழிக்கு மாறிவிட்ட அரசு அந்த அறக்கட்டளைகளையே ஒழித்துவிட்டது. பீடம் போனாலும் தடம் இருக்கும். சுவரில் கிண்ணம் போலக் குழிந்து ஒரு துளையோடு மாடம் தென்பட்டால், பூசைப் பாத்திரம் கழுவிய நீரை ஊற்றிய இடம் அது. பக்கத்தில் ஒரு பீடம் இருந்தது என்பது நிச்சயம்.

நேவும் சான்சலும் சேருமிடம்தான் எனக்குக் கோயிலிலேயே பிடித்த இடம். இரண்டு பொறுப்புகளின் எல்லைக் கோடு அது. அங்கே மரத்தில் கடைந்த தட்டி ஒன்று குறுக்கே நிற்கும். கீழ்ப் பலகைகளில் புனிதர்களின் ஓவியம், நார்ஃபோக் ரான்வொர்த்தில் இன்றும் நிறம் மங்காமல் இருக்கிறது. தட்டிக்கு மேலே ஆள் நடக்கும் அளவுக்குப் பரண். பரணுக்கு மேலே பெரிய பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் கிறிஸ்து, இருபுறமும் மாதாவும் அருளப்பரும் (யோவான்). பின்னால் வளைவுக்கு மேல் முழுச் சுவரிலும் கடைசித் தீர்ப்பு ஓவியம். பூசை சான்சலில் நடக்கும். மக்கள் தட்டியின் இடைவெளி வழியாகப் பார்ப்பார்கள். அதிகமும் நின்றுகொண்டுதான். பெஞ்சு பரவலானது 15ஆம் நூற்றாண்டில்.

ஆறாம் எட்வர்டு ஆட்சியில் சுரூபங்கள் இறங்கின, ஓவியங்கள் மேல் சுண்ணாம்பு ஏறியது. 1561இல் எலிசபெத் அரசு பரண்களையும் இறக்கச் சொன்னது. ஆனால் பரணுக்கு ஏறிய கல் படிக்கட்டு சுவருக்குள் இருந்ததால் அதை யாரும் சிரமப்பட்டு எடுக்கவில்லை. இன்று பல கோயில்களில் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் அந்தரத்தில் திறக்கும் ஒரு சின்ன வாசலைப் பார்க்கலாம். காணாமல் போன பரணின் முகவரி அது.

சஃபோக் வென்ஹாஸ்டனில் தீர்ப்பு ஓவியத்தைச் சுவரில் இல்லாமல் பலகையில் தீட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு பூசி மறந்தே போனார்கள். 1892இல் பழுதுபார்க்கும்போது வேண்டாத பலகை என்று கல்லறைத் தோட்டத்தில் வீசினார்கள். இரவு மழை பெய்தது. விடிந்தபோது சுண்ணாம்பு கரைந்து, கீழே பிசாசுகளும் நரக வாயும் வெளியே வந்திருந்தன. அந்தப் பலகைகளின் நடுவில் சிலுவை வடிவிலும் பக்கத்தில் இரண்டு ஆள் வடிவிலும் வண்ணமில்லாத வெற்றிடம் உண்டு. செதுக்கிய சுரூபங்கள் ஒட்டியிருந்த நிழல் அது. சுரூபங்கள் போய்விட்டன, இடம் மட்டும் காத்திருக்கிறது.

தலையை உயர்த்திக் கூரையைப் பார்க்க மறக்காதீர்கள். கல் கவிகை பெரிய பேராலயங்களுக்கு. பங்குக் கோயிலின் பெருமை தச்சர் கையில்தான். கேம்பிரிட்ஜ்‌ஷயரில் மார்ச் என்ற ஊரில் ஓக் மரக் கூரையின் கீழ் சிறகு விரித்த தேவதூதர்கள் ஏறக்குறைய 120 பேர். பிளைத்பர்க் தேவதூதர்களின் மேல் துப்பாக்கிக் குண்டுத் துளைகள் இருக்கின்றன. 1644இல் வந்த, கோயில்களில் உருவங்களே கூடாது என்ற தூய்மைவாதி வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் சுட்டது என்று உள்ளூர்க் கதை. டௌசிங் வந்தது உண்மை, தேவதூதர்களை இறக்கச் சொன்னதும் அவர் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. ஆனால் குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை; கூரையில் கூடு கட்டிய காக்கை இனப் பறவைகளைச் சுட ஊர்க்காரர்களே ஆள் வைத்திருக்கிறார்கள்.

வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் இன்னும் இரண்டு கதைகளிலும் எச்சரிக்கை தேவை. சான்சல் நேவோடு நேர்கோட்டில் இல்லாமல் லேசாகக் கோணியிருந்தால், சிலுவையில் சாய்ந்த கிறிஸ்துவின் தலை அது என்பார்கள். பழைய சுவரைச் சுற்றிப் புதுச் சுவர் எழுப்பும்போது கயிறு பிடித்ததில் வந்த பிசகு என்பதே நம்பும்படியான விளக்கம். சான்சலின் தென்மேற்கு மூலையில் தாழ்வாக ஒரு சின்னச் சன்னல் இருந்தால், தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை பார்த்த சன்னல் என்பார்கள். விக்டோரியா காலத்துக் கற்பனை. அநேகமாக நற்கருணையை உயர்த்தும் நேரத்தில் வயலில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி மணி அடிக்கத் திறந்ததாக இருக்கும்.

விக்டோரியா காலம் இன்னொரு பெரிய பொய்யையும் விட்டுப்போனது: உரித்த கல். உள்ளே சாந்துப் பூச்சில்லாமல் கல்லும் காரையும் தெரிந்தால் ‘ஆஹா, பழமை’ என்று தோன்றும். இடைக்காலத்தில் அந்தச் சுவர் முழுக்கப் பூசி, வெள்ளையடித்து, வண்ணம் தீட்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ‘மீட்டெடுக்கிறோம்’ என்று சுரண்டினார்கள், சுரண்டலோடு ஓவியங்களும் போயின. பொறுக்க முடியாமல்தான் வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அதனால் ஒரு சன்னல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் 13ஆம் நூற்றாண்டுப் பாணியில், விளிம்பு கத்தி போல் கூர்மையாக, தேய்மானமே இல்லாமல் இருந்தால், 1860களில் கட்டியதோ என்று ஒரு தடவை யோசியுங்கள்.

படிக்கப் பழக ஒரே ஒரு கோயில் சொல்லுங்கள் என்றால் அந்த வால்பர்ஸ்விக்கையே சொல்வேன். 1426 ஒப்பந்தக் கோபுரத்தோடு பெரிய கோயில் ஒன்று எழுந்தது. பிறகு துறைமுகம் மணல் மூடி, மீன்பிடி நலிந்து, ஊர் ஏழையானது. நேவைப் பராமரிப்பது பங்கு மக்கள் கடமை அல்லவா, அவர்களால் முடியவில்லை. 1695இல் அனுமதி வாங்கிக் கோயிலின் பெரும்பகுதியை இடித்து, மரமும் ஈயமும் மணிகளும் விற்று, தெற்குப் பக்கக் கூடத்தின் ஒரு பகுதியை மட்டும் அடைத்து வைத்துக்கொண்டார்கள். இன்றும் ஞாயிறு வழிபாடு அந்தச் சின்ன இடத்தில்தான். அதைச் சுற்றிக் கண்ணாடியில்லாத பெரிய சன்னல்களோடு வெற்றுச் சுவர்கள் புல்லில் நிற்கின்றன. மேற்கே ரஸ்ஸலும் பௌலும் கெஜக் கணக்கில் கூலி வாங்கிய கோபுரம்.